கை திறந்த சட்டை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற வாரம் வாசகர் கடிதத்தில், பிள்ளையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த தந்தை ஒருவர் "என் பிள்ளைக்கு ஏன் இப்படி?" என்று கேட்டிருந்தார். படித்த பிறகு இரண்டு நாள் தையல் மிஷினில் உட்கார மனம் வரவில்லை. காட்பாடியில் தையல் தொழில் செய்கிறேன். என் மகன் 2016-ல் இரத்தப் புற்றுநோயில் போய்விட்டான். அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அந்த ஐயாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

பதில் வைத்திருந்தவர்கள் நிறையப் பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். "ஆண்டவர் நல்ல பூவாகப் பார்த்துப் பறித்துக்கொண்டார்" என்றார்கள். இன்னும் ஊக்கமாக ஜெபித்திருக்கலாம் என்றார் ஒருவர். எட்டு மாதம் முழங்காலில் நின்றவளிடம் சொல்கிற பேச்சா இது? துக்க வீட்டுக்குப் போகிற விசுவாசிகளே, தயவுசெய்து இதையெல்லாம் சொல்லாதீர்கள். வேதாகமத்தில், பிள்ளைகளையும் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல சிநேகிதர்கள்தான். காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் அவர் புண் பெரிதானது.

எனக்கு ஆறுதல் தந்தவர் ஒரு வங்காளப் பெண். அவருடைய கணவருக்கும் அதே நோய். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது. மகன் போன அன்று காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பின்னால் வந்து உட்கார்ந்தார். அவிழ்ந்து கிடந்த தலைமுடியை விரலாலேயே சிக்கெடுத்து, பின்னி, தன் முடியிலிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றிப் போட்டுவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்று வருஷம் கழித்து, சபையில் ஒருநாள் வேதாகமத்திலிருந்து, பவுல் கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரம் வாசித்தார்கள். உபத்திரவத்தில் தேவன் நமக்கு ஆறுதல் செய்வது, உபத்திரவப்படுகிற மற்றவர்களுக்கு நாமும் ஆறுதல் செய்யத்தான் என்கிறார் பவுல். எத்தனையோ முறை கேட்ட வசனம். அன்றைக்கு அந்தப் பின்னல் ஞாபகம் வந்து, அழுதுவிட்டேன்.

மகனுக்குக் கையில் மருந்துக் குழாய் போட்டிருந்தபோது சட்டை மாட்டுவது பெரும்பாடு. அவன் சட்டைக் கையைத் தோளிலிருந்து விளிம்பு வரை வெட்டி, பட்டி வைத்து, ஐந்து பிரஸ் பட்டன் பதித்துக் கொடுத்தேன். கையைத் தூக்காமலே போட்டுக்கொள்வான். இப்போது வேலூரில் காந்தி ரோடு, பாபு ராவ் தெரு லாட்ஜ்களில் தங்கி வைத்தியம் பார்ப்பவர்களுக்கு அப்படித் தைத்துக் கொடுக்கிறேன். துணியை இரண்டு தண்ணீர் அலசித்தான் வெட்டுவேன், கஞ்சி மொடமொடப்பு அந்த உடம்புக்குத் தாங்காது. போட்டுவிட்டு, சொல்கிறதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பேன். ஜெபிக்கச் சொன்னால் ஜெபிப்பேன்.

நம் வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தார். 1954-ல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பாகாயத்தில் 1966-ல் மறுவாழ்வு நிலையம் வந்தது அவருடைய உழைப்பால்தான். முதுகுத்தண்டு அடிபட்டுப் படுத்திருப்பவர், தன்னைப் போலவே நாற்காலியில் வருகிற டாக்டரைப் பார்த்தால், அவர் வாய் திறக்கும் முன்னமே பாதி தைரியம் வந்திருக்காதா?

ஐயா, உடனே போய் யாருக்காவது ஆறுதல் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கே மூன்று வருஷம் ஆயிற்று. அதுவரை அழுங்கள். இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு அழுதார். ஒரு வேளை நீங்கள் காட்பாடிப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். அவனுடைய அந்தச் சட்டை இருக்கிறது. பையன்களுக்குத் தைக்கும்போது அளவுக்கு அதைத்தான் எடுத்து விரிக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காந்தி நகர், காட்பாடி.