மூட்டு ஊசியின்போது எங்களோடு நின்ற எல்லோருக்கும்

மூட்டுவாதத்துக்காக எங்கள் மகளுக்கு முழங்காலிலும் கணுக்காலிலும் ஊசி போட்டு வாரக்கணக்கில் ஆகிறது, இப்போது காலையில் எழுந்ததும் நொண்டாமல் நடக்கிறாள். இதற்குக் காரணமான எல்லோரையும் தேடி வந்து நன்றி சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். பெயர் போடவில்லை, படித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதல் நன்றி அவளுடைய வகுப்பு டீச்சருக்கு. வலிக்கிறது என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. சிறு வயதில் வரும் மூட்டுவாதத்தில் பல குழந்தைகள் அப்படித்தானாம். காலையில் மூட்டு இறுகி நொண்டுவார்கள், நேரம் போகப் போக ஓடி ஆட ஆரம்பித்துவிடுவார்கள், பார்க்கிறவர்களுக்குச் சந்தேகமே வராது. தரையில் உட்காரும்போது இவள் மட்டும் வலது காலை மடக்காமல் நீட்டியே வைத்திருக்கிறாள், மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் அதே காலை முதலில் வைத்து இறங்குகிறாள் என்று கவனித்து எங்களைக் கூப்பிட்டுச் சொன்னீர்களே டீச்சர், எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

அப்புறம் எங்கள் டாக்டர். குழந்தைக்குப் போய் மூட்டுவாதமா என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. 16 வயதுக்குள் ஆரம்பித்து, மூட்டு வீக்கம் 6 வாரமாவது நீடித்து, வேறு காரணமும் இல்லையென்றால் இந்த நோய்தான் என்றும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது, நீங்கள் கொடுத்ததோ கொடுக்காததோ காரணமில்லை என்றும் பொறுமையாகச் சொன்னீர்கள். அந்தக் கடைசி வரிக்காகவே உங்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

மூட்டுக்குள் போடும் ஊசி ஸ்டீராய்டு என்றதும் நாங்கள் பயந்துபோனோம். மாத்திரையாகக் கொடுத்தால் மருந்து உடம்பு முழுக்கப் போகும், டிரையாம்சினோலோன் ஹெக்சாசிட்டோனைடு என்ற இந்த ஸ்டீராய்டு ஊசி பெரும்பாலும் மூட்டுக்குள்ளேயே தங்கி மெதுவாகக் கரையும், அதனால்தான் பல பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் பலன் நிற்கிறது என்று படம் போட்டுக் காட்டினீர்கள். எதையும் மறைக்கவில்லை. குத்திய இடத்தில் தோல் குழிவிழலாம், நிறம் வெளுக்கலாம். கிருமித்தொற்று அபூர்வம், ஆனால் காய்ச்சலோடு மூட்டு சிவந்து வலித்தால் உடனே வரணும். வீக்கம் திரும்பவும் வரலாம், வந்தால் எதிர்ப்புச் சக்தியின் தாக்குதலை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்து பற்றி யோசிப்போம். வீங்கிய முழங்காலை அப்படியே விட்டால் அந்தப் பக்கத்து எலும்பு வேகமாக வளர்ந்து ஒரு கால் நீளமாகிவிடக்கூடும் என்று நீங்கள் சொன்ன பிறகு எங்களுக்குத் தயக்கமே இல்லை.

நர்ஸ் அம்மா, உங்களைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும். எல்லோரும் "வலிக்கவே வலிக்காது கண்ணு" என்று சொல்லிக்கொண்டிருக்க, நீங்கள் மட்டும் அவள் முன்னால் குனிந்து உட்கார்ந்து, "கையில ஒரு சின்ன ஊசி, அது லேசாக் குத்தும், இந்தக் கிரீம் போட்டா மரத்துப்போகும், கால் ஊசி நீ தூங்கும்போது" என்று உள்ளதை உள்ளபடி சொன்னீர்கள். கிரீம் தடவி ஒரு மணி நேரம் காத்திருக்கும்போது அவளுடைய பொம்மையின் முழங்காலிலும் கணுக்காலிலும் பிளாஸ்டர் ஒட்ட அவளிடமே கொடுத்தீர்கள். கையில் குத்தியபோது முகத்தைச் சுளித்தாள், அழுதாள், ஆனால் கையை இழுக்கவில்லை. நீங்கள் சொன்னது எதுவும் பொய்யாகவில்லை என்பதால் உங்களை நம்பினாள், இன்றைக்கும் ரத்தம் எடுக்கப் போனால் உங்களைத்தான் கேட்கிறாள். அவள் கண் சொருகும்வரை என்னை அவள் தலைமாட்டிலேயே நிற்கவிட்ட மயக்க மருந்து டாக்டருக்கும் நன்றி.

மூட்டில் தேங்கிய நீரை எடுத்துவிட்டு மருந்தைச் செலுத்தியதாகச் சொன்னார்கள். ஓரிரு நாள் ஓடவிடாமல் பார்த்துக்கொண்டோம், அது எங்களுக்குத்தான் கஷ்டமான வேலை. தொடைச் சதை மெலிந்திருப்பதை டேப் வைத்து அளந்து காட்டி, பயிற்சியை விளையாட்டாக மாற்றிய பிசியோ அண்ணனுக்கு நன்றி. மூட்டு நோய்க்கு எதற்குக் கண் டாக்டர் என்று நாங்கள் முழித்தபோது, கண்ணின் உள்ளே வரும் அழற்சிக்குச் சிவப்போ வலியோ தெரியாமல் போகலாம், ஊசி போட்டு மூட்டு சரியானாலும் பரிசோதனையை விடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்ன கண் டாக்டருக்கும் நன்றி.

கடைசியாக, எங்களுக்கு முன்னால் இதே வழியில் போன அந்த அம்மாவுக்கு. ஊசிக்கு முந்தின இரவு நேரங்கெட்ட நேரத்தில் போன் செய்தும் எடுத்துப் பேசினீர்கள். இனி புதிதாக வருகிற பெற்றோருக்கு எங்கள் நம்பரையும் சேர்த்துக் கொடுங்கள், எந்த நேரமானாலும் பேசுகிறோம்.