ஏற்றத்தில் இழுவை: கியர்பாக்ஸ் சூட்டைக் கவனிக்கவும்

உறுப்பினர்களுக்கு வணக்கம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள டிரக்கில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு செங்குத்தான ஏற்றங்களில் செல்வோர் கவனத்திற்கு இக்குறிப்பு.

கியர்பாக்ஸில் எழும் சூட்டில் பெரும்பகுதி, எஞ்சின் ஆற்றலை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரில்தான் (torque converter) உண்டாகிறது. வேகம் குறைந்து, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பூட்டும் அதன் லாக்-அப் கிளட்ச் விடுபட்ட நிலையில் ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டே போனால், எஞ்சின் தரும் ஆற்றலில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேராமல் ஆயிலைக் கடைந்து சூடேற்றுவதிலேயே வீணாகிறது. ஆகவே, ஏற்றம் தொடங்கும் முன்பே இழுவைக்கான மோடைப் போட்டு, கியரைக் குறைத்து, எஞ்சின் சுற்று சற்றுக் கூடுதலாக இருக்கும்படி ஓட்டவும். எஞ்சின் இரைகிறதே என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் தேவையற்றது.

கியர்பாக்ஸ் ஆயிலின் வெப்பநிலை சாதாரணமாக 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். ஏற்றத்தில் அது சற்று உயர்வது இயல்பே. 120-ஐ நெருங்கினால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, எஞ்சினை அணைக்காமல் ஓடவிடவும். அணைத்தால் பம்பும் நின்று, ஆயில் கூலருக்குச் செல்லாது. துல்லியமான வரம்பு வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் கையேட்டில் உள்ளதையே பின்பற்றவும். எஞ்சின் வெப்பமானி சரியாகக் காட்டும்போதே கியர்பாக்ஸ் கொதித்துக்கொண்டிருக்கலாம். அதற்கெனத் தனி மானி தேவை. ஆயில் கருத்துக் கருகிய வாடை வீசினால், அடுத்த இழுவைக்கு முன் பரிசோதிக்கவும்.