கால் தரையில் படட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வகுப்பறைகளைப் புதுப்பிப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சுவர் வண்ணத்துக்கும் மின்திரைக்கும் கிடைத்த இடம், பிள்ளைகள் நாள் முழுவதும் உட்காரும் பெஞ்சுக்குக் கிடைக்கவில்லை. தொடக்க வகுப்புகளில் முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தியவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

மேசையும் பெஞ்சும் ஒன்றாகப் பிணைந்த நீள இருக்கைகள்தாம் என் வகுப்பில் வெகுகாலம் இருந்தன. நடுவில் இருப்பவன் வெளியே வர, ஓரத்தில் இருப்பவர்கள் எழுந்து வழிவிட வேண்டும். அதற்குத் தயங்கியே பலர் சந்தேகம் கேட்க வரமாட்டார்கள். உயரம் குறைந்த பிள்ளைகளுக்கோ கால் தரையில் படாது. தொங்கும் காலோடு நாற்பது நிமிடம் யாரால் அசையாமல் இருக்க முடியும்? நெளிந்த பிள்ளைகளை நானும் அதட்டியிருக்கிறேன்; இன்றும் அது உறுத்துகிறது. ஒரே வகுப்பில் ஒரு சாண் உயர வித்தியாசம் சாதாரணம். பள்ளி மேசை நாற்காலிகளுக்கான ஐரோப்பாவின் இஎன் 1729 தர விதி மாணவரின் உயரத்தை வைத்துத்தான் இருக்கையின் அளவை வகுக்கிறது.

பிறகு இலேசான தனி மேசைகள் வந்தன. கதையைப் பற்றிக் கலந்து பேசும் நேரத்தில் அவற்றை 'ப' வடிவில் போட்டோம். கடைசி பெஞ்சு என்ற ஒன்றே இல்லாமல் போனது. அதுவரை வாயே திறக்காத சிறுமி ஒருத்தி, எதிரில் இருந்த தோழியின் முகத்தைப் பார்த்து, "நீ சொல்வது தப்பு" என்று காரணத்தோடு மறுத்துப் பேசினாள்.

வரிசையே கூடாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தனியே கணக்குப் போடவும் எழுதவும் வரிசைதான் நல்லது. எதிரெதிரே உட்கார்ந்தால் பேச்சுதான் வளரும். வேலை மாறும்போது இருக்கையும் மாற வேண்டும், அவ்வளவே.

1907இல் ரோமில் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி தொடங்கிய 'குழந்தைகள் இல்லம்' என்ற பள்ளியில், நான்கு வயதுக் குழந்தைகள் இருவர் சேர்ந்து தூக்கி நகர்த்தும் அளவுக்கு மேசைகள் எடை குறைவாக இருந்தன. இங்கிலாந்தின் சால்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 153 தொடக்கப்பள்ளி வகுப்பறைகளை ஆராய்ந்து 2015இல் அறிக்கை வெளியிட்டது. ஓராண்டில் மாணவர்களின் கற்றல் முன்னேற்றத்தில் தெரிந்த வேறுபாட்டில் 16 சதவீதத்தை வகுப்பறையின் அமைப்பு விளக்குவதாக அது கண்டது. இதில் வெளிச்சம், வெப்பம், காற்று ஆகியவற்றின் பங்கே பெரிது. இடத்தைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் வசதியும் கணக்கில் வந்தது. ஆகவே ஜன்னலை அலமாரியால் மறைத்துவிட்டுச் சக்கரம் வைத்த மேசை நாற்காலிகளை வாங்கிப் போடுவதில் பொருளில்லை.

மேசைகளை மாற்றுவதில் நேரம் வீணாகும் என்பார்கள். எங்களுக்கும் முதல் வாரம் ஒரே கூச்சல்தான். தரையில் சுண்ணக்கட்டியால் இடம் குறித்து, மேசைக் கால்களுக்கு ரப்பர் மூடி போட்டோம். ஒரு மாதத்தில் இரண்டே நிமிடத்தில் பிள்ளைகளே மாற்றினார்கள்.

மேசை நாற்காலி வாங்க முடிவெடுப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மொத்தமாக வாங்குவதற்கு முன், ஒரு வகுப்புக்கு மட்டும் வாங்கிப் போட்டு, வகுப்பிலேயே உயரம் குறைந்த பிள்ளையையும் உயரமான பிள்ளையையும் ஒரு வாரம் அவற்றில் உட்காரவைத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை