ஞாயிற்றுக்கிழமை கண்ணைப் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

காசநோய்க் காய்ச்சல் நின்று எடை கூடுகிறது என்று நீ சொன்னதும்தான் அம்மாவுக்கு உயிர் வந்தது. சிகிச்சையில் இரண்டு மாதம் முடிந்து மாத்திரையும் மாறியிருக்கும். இனிமேல் ஒரு விஷயத்தில் உன்னை நச்சரிக்கப் போகிறேன்: கண்.

மாத்திரை மாறியது என்றால் நான்கு மருந்தில் பைரசினமைடு மட்டும்தான் போயிருக்கிறது. ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், எத்தம்பியூட்டால் மூன்றும் இன்னும் நான்கு மாதம் உண்டு. நான் மருந்து கொடுத்த காலத்தில் புதிதாகக் காசநோய் வந்தவர்களுக்கு எத்தம்பியூட்டாலை இரண்டு மாதத்தோடு நிறுத்திவிடுவோம். இப்போது கடைசிவரை தருகிறார்கள். உன் எடைக்கு நாளைக்கு 4 மாத்திரை, ஒவ்வொன்றிலும் எத்தம்பியூட்டால் 275 மில்லிகிராம். இது சிலருக்குப் பார்வை நரம்பைத் தாக்கும், அதுவும் பெரும்பாலும் இரண்டு மாதம் தாண்டிய பிறகு. சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து என்பதால், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு ஆபத்து கூடுதல். உனக்கு அந்தக் குறை இல்லை, நல்லவேளை.

ஒரு ஆட்டோக்காரர் மாத்திரை வாங்க வந்தபோது, "சிக்னல் சிவப்பு செங்கல் மாதிரி வெளுத்துத் தெரியுது சார்" என்றார். வலி இல்லை, கண் சிவக்கவும் இல்லை. பார்வை நரம்பில் வரும் வழக்கமான அழற்சி என்றால் பெரும்பாலும் ஒரு கண்ணில் வரும், கண்ணை அசைத்தால் வலிக்கும். இது அப்படியல்ல, இரண்டு கண்ணிலும் சத்தமில்லாமல் நடுப்பார்வை மங்கும், நிறம் வெளுக்கும். டாக்டர் உடனே எத்தம்பியூட்டாலை மட்டும் நிறுத்தினார். பார்வை தேற மாதக்கணக்கில் ஆனது. தாமதித்தவர்களில் சிலருக்குத் திரும்புவதே இல்லை.

அதனால் ஞாயிறுதோறும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நாள்காட்டியில் இருக்கும் பொடி எழுத்தைப் படி. அப்புறம் மறு கண். ஒரு சிவப்பு மூடியையும் அப்படியே பார், போன வாரச் சிவப்புதானா என்று. லேப்டாப் பார்த்த களைப்பு என்று நீயாக முடிவு கட்டாதே. மங்கினால் அன்றைக்கே மாத்திரை தரும் மையத்தில் சொல். ஆரம்பத்தில் கண்ணின் உள்பக்கம் பார்க்க நன்றாகவே இருக்கும். அதனால் நிறப் பரிசோதனையும், நடுவிலும் சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கும் பார்வைப்புலப் பரிசோதனையும் செய்யச் சொல்லிக் கேள்.

இன்னொன்று. பயந்துபோய் மாத்திரையை நீயே நிறுத்தாதே. மூன்றும் ஒரே மாத்திரைக்குள் இருக்கின்றன, ஒன்றை மட்டும் பிரித்து விட முடியாது. மொத்தமாக விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். எதை எடுப்பது, எதை வைப்பது என்பதை டாக்டர் சொல்லட்டும்.

கான்டாக்ட் லென்ஸ் போடுவதை விட்டுவிட்டாய்தானே? ரிஃபாம்பிசின் அதை ஆரஞ்சாக்கிவிடும், கறை போகாது.

காசநோயாளிகளுக்குத் தரும் மாதம் 1000 ரூபாய் அரசுப் பணம் உன் கணக்கில் ஏறுகிறதா என்று பார். ஏறாவிட்டால் கூச்சப்படாமல் கேள். முட்டைக்கும் பருப்புக்கும் கொடுக்கிற பணம் அது, போன் ரீசார்ஜுக்கு இல்லை.

அன்புடன்,
அப்பா