ஜாக்கி வாங்கும் முன்

அன்புள்ள சிவா,

இங்கே எல்லோரும் நலம். நீ காருக்கு அடியில் படுத்திருக்கும் படத்தை அம்மா காட்டினாள். அவள் உன் முகத்தைப் பார்த்தாள். எனக்குக் கண்ணில் பட்டது ஜாக்கி. அது ஒன்றுதான் நின்றது, தூக்கிய காரைத் தாங்கும் ஸ்டாண்ட் இல்லை.

புது ஜாக்கி வாங்கப் போகிறாயாமே. உன் காருக்கு இரண்டு டன் போதும், ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தைத்தானே தூக்குகிறாய். முழுக்க இறக்கினால் அதன் தலை எத்தனை உயரத்தில் நிற்கும் என்று பார். சக்கரம் வைத்த சாதாரண டிராலி ஜாக்கி 13, 14 சென்டிமீட்டரில் நிற்கும். நீ உயரம் குறைத்து வைத்திருக்கும் காருக்கு அடியில் 10தான் இருக்கிறதாம். 8-க்குக் கீழே இறங்குவதாக வாங்கு. நீளமும் வேண்டும். முன்பக்கம் தூக்கும் இடம் பம்பருக்கு வெகு உள்ளே இருக்கும். குட்டை ஜாக்கியைத் தள்ளினால் கைப்பிடி பம்பரில் இடிக்கும், பம்ப் அடிக்க முடியாது. அப்படியும் நுழையவில்லையென்றால் முன் சக்கரங்களைப் பலகைமேல் ஏற்று, இடம் கிடைத்துவிடும். தூக்கும்போது ஜாக்கி கொஞ்சம் உருளும், அதைத் தடுக்காதே. சரளையில் போடாதே. பின்சக்கரத்துக்குக் கட்டை வை. ஏற்றியதும் ஸ்டாண்ட் போட்டு, காரை ஒருமுறை ஆட்டிப் பார். வெயிலில் தார் இளகும், ஸ்டாண்டுக்கு அடியில் பிளைவுட் வை.

இந்த மாதிரி நீளமான இரும்பு ஜாக்கி உழைக்கும், ஆனால் முப்பது கிலோகூட வரும். தனியாக இழுப்பதென்றால் அலுமினியம் எடு.

தனியாகத்தான் இழுக்கிறாயா? பொங்கலிலிருந்து போனில் நீ மட்டும்தான் பேசுகிறாய். மருமகள் குரலைக் கேட்கவில்லை என்று அம்மா சொன்னாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கூப்பிட்டால் காதில் விழும் தூரத்தில் ஓர் ஆள் இருந்தால் மட்டும் அடியில் போ. ஸ்டாண்ட் போட்டுவிட்டுப் போ.

பிரேக் பேடை நீயே மாற்றினாய் என்று கேட்டதும் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். இருந்தாலும் முப்பது வருஷம் பட்டறை வைத்திருந்த அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சித்தப்பா காலைப் பற்றி நம் வீட்டில் என்ன சொல்வோம்? ஜாக்கி கைவிட்டுவிட்டது என்போம். அந்த ஜாக்கியின் சீலில் ஆயில் கசிவது ஒரு வாரமாக எனக்குத் தெரியும், சிவா. மதியத்துக்குள் வண்டியைக் கொடுத்தாக வேண்டும். ஸ்டாண்ட் சுவரோரம்தான் கிடந்தது. எடுத்துப் போட ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். "சும்மா போடா, ஒரு நட்டுதானே" என்று நான்தான் அவனை உள்ளே அனுப்பினேன். இதை அவன் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

இரண்டு ஸ்டாண்ட் வாங்கு, பணம் நான் அனுப்புகிறேன். காரை அதன்மேல் நிறுத்தி எனக்குப் படம் அனுப்பு. இங்கே எத்தனை மணியானாலும் பார்ப்பேன்.

அப்பா