சென்சர் மாற்றிய பின்னும் எஞ்சின் தடுமாறினால்: எமது வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

கொட்டாஞ்சேனை, கொழும்பு 13

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மோட்டார் சைக்கிளில் ஒரு சென்சரை மாற்றிய பின்னரும் எஞ்சின் சீராக ஓடவில்லை என்ற முறைப்பாட்டுடன் எமது வேலைத்தளத்துக்கு வருவோரின் தொகை அண்மைக் காலத்தில் கூடியிருக்கிறது. ஐட்லிங்கில், அதாவது அக்சிலேற்றரைத் தொடாமல் எஞ்சின் ஓடும் நிலையில், எஞ்சின் நடுங்குகிறது, சிக்னலில் நின்றால் அணைந்துபோகிறது, காலி வீதி நெரிசலில் மெதுவாக நகரும்போது குலுக்கி இழுக்கிறது என்கிறார்கள். இவர்களில் பலர் புதிதாகப் போட்ட சென்சரே பழுதானது என்று முடிவுகட்டி, அதே சென்சரை இரண்டாவது முறையும் காசு கொடுத்து வாங்கிய பிறகுதான் எம்மிடம் வருகிறார்கள். உணவு விநியோகத்துக்கும் பொதி விநியோகத்துக்கும் மோட்டார் சைக்கிளை நம்பியிருக்கும் ஒருவருக்கு அந்தச் செலவோடு அன்றைய உழைப்பும் போய்விடுகிறது. அந்த இரண்டாவது செலவைத் தவிர்க்க உதவுவதே இம்மடலின் நோக்கம்.

எமது நாட்டில் இந்தச் சிக்கல் இப்போது பெருகுவதற்கு ஒரு பின்னணி உண்டு. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 புகை விதிகளால் அங்கே தயாராகும் மோட்டார் சைக்கிள்களில் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் காபரேற்றரின் இடத்தை, பெற்றோலை மின்கட்டுப்பாட்டில் அளந்து பீய்ச்சும் இன்ஜெக்ஷன் பெருமளவில் பிடித்துக்கொண்டது. ஆனால் அதற்குச் சற்று முன்பாக, 2020 மார்ச்சில், இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இலேயே மீண்டும் திறந்துவிடப்பட்டது. இன்ஜெக்ஷன் வண்டிகள் அதற்கு முன்னரும் எமது வீதிகளில் ஓடியவைதான். என்றாலும் காபரேற்றரைக் காதால் கேட்டே சரிசெய்து பழகிய கைகளுக்கு இந்த மாற்றம் சற்றுத் தாமதமாகவே வந்து சேர்ந்தது என்பது எமது கருத்து. காபரேற்றரில் ஒரு பாகத்தை மாற்றிக் காதால் கேட்டுச் சரிசெய்தால் வேலை அத்தோடு முடிந்துவிடும். இன்ஜெக்ஷனில் பாகத்தைப் பொருத்திய பிறகும் வேலையில் ஒரு பகுதி மிஞ்சியிருக்கும்.

ஏன் என்பதைச் சொல்ல, ஈ.சி.யூ. எனப்படும் கட்டுப்பாட்டுப் பெட்டி எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதைச் சுருக்கமாக விளக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பெட்டி பெரும்பாலான சென்சர்களுக்கு 5 வோல்ற் மின்னழுத்தத்தைக் கொடுத்து, திரும்பி வரும் அழுத்தத்தை அளந்து, எஞ்சினின் நிலையை ஊகிக்கிறது. அக்சிலேற்றரைத் திருகும்போது திறக்கும் காற்றுக் கதவின் நிலையைச் சொல்லும் த்ரொட்டில் சென்சர், கதவு மூடியிருக்கையில் ஏறத்தாழ அரை வோல்ற்றையும் முழுதாகத் திறந்திருக்கையில் நான்கு வோல்ற்றுக்குச் சற்று மேலாகவும் திருப்பி அனுப்புவது பல மாடல்களில் வழக்கம். வெப்பநிலைச் சென்சரின் தடையோ குளிரில் இரண்டு மூன்று ஆயிரம் ஓம் அளவில் இருந்து, எஞ்சின் சூடேறச் சூடேறச் சில நூறு ஓம்களுக்குக் குறைகிறது. இவற்றையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டே பெற்றோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்று பெட்டி முடிவுசெய்கிறது. ஐட்லிங்கில் அந்த நேரம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். அவ்வளவு குறுகிய நேரத்தில் சிறு பிழை நேர்ந்தாலும் எஞ்சின் அதை உணர்ந்துவிடும். ஐட்லிங்கில் தடுமாறும் வண்டி வேகமாக ஓடும்போது நன்றாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மீற்றரில் எரியும் எஞ்சின் விளக்கைப் பற்றி அடுத்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிழையான தீர்மானங்களில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்குகின்றன. பல ஹொண்டா மாடல்களில் அவ்விளக்கு சிமிட்டும் எண்ணிக்கையே பிழைக் குறியீடாகும். ஏழு முறை சிமிட்டினால் எஞ்சின் வெப்பநிலை, எட்டு என்றால் த்ரொட்டில், ஒன்பது என்றால் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை, இருபத்தொன்று என்றால் வெளியேறும் புகையில் மிஞ்சும் ஒட்சிசனை அளக்கும் ஒட்சிசன் சென்சர். இந்த எண்ணை வைத்துக்கொண்டு நேரே பஞ்சிகாவத்தைக்குப் போய் அந்தச் சென்சரை வாங்கிவிடுகிறார்கள். ஆனால் குறியீடு சுட்டுவது சென்சரை மட்டுமன்று, அது இருக்கும் மின்சுற்று முழுவதையும். ஹாண்டிலைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் மடங்கி மடங்கி உள்ளே அறுந்த வயர், வயரையும் சென்சரையும் இணைக்கும், மழைநீர் புகுந்து பச்சை பிடித்த கப்ளர், சட்டகத்தோடு சேரும் இடத்தில் துருவேறிய எர்த் இணைப்பு ஆகிய எதுவாக இருந்தாலும் செத்துப்போன சென்சருக்கு வரும் அதே எண்தான் வரும். அப்படியான வண்டியில் சென்சரை மாற்றுவதால் ஒரு பயனும் விளையாது. தென்மேல் பருவ மழையில் முழங்காலளவு தண்ணீரைக் கடந்து வந்த வண்டிகளில் நாம் முதலில் கழற்றிப் பார்ப்பது கப்ளரைத்தான்.

சென்சர் உண்மையிலேயே பழுதாகி, சரியான காரணத்துக்காகவே மாற்றப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் பின்னரும் தடுமாற்றம் தொடர்ந்தால் நாம் முதலில் ஐயுறுவது பெட்டியின் நினைவை. காற்றுக் கதவு மூடிய நிலையில் பழைய சென்சர் காட்டிய அளவைப் பல மாடல்களில் ஈ.சி.யூ. பதிந்து வைத்திருக்கும். புதிய சென்சர் அதே இடத்தில் சற்றே வேறான அளவைக் காட்டினால், அக்சிலேற்றரைத் தொடாதபோதும் தொட்டதாகப் பெட்டி எண்ணிக்கொள்ளும். இந்தப் பதிவைப் புதுப்பிக்கும் முறை மாடலுக்கு மாடல் வேறுபடும். சிலவற்றில் பரிசோதனைக் கப்ளரை இணைத்துச் செய்ய வேண்டும், சிலவற்றில் கணினிக் கருவி வேண்டும், வேறு சிலவற்றில் எஞ்சினைச் சூடாக்கிச் சில நிமிடம் அக்சிலேற்றரைத் தொடாமல் ஓடவிட்டாலே போதும். பற்றரியைக் கழற்றிப் போட்டால் எல்லாம் சரியாகும் என்ற பரவலான நம்பிக்கை சில மாடல்களுக்குப் பொருந்தும், எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

அடுத்தது காற்றுக் கசிவு. சென்சரை மாற்றுவதற்காக த்ரொட்டில் பகுதியைக் கழற்றும்போது, கொழும்பு வெயிலில் ஆண்டுக்கணக்கில் காய்ந்த ரப்பர் குழாய் வெடித்துவிடலாம், சிறிய வெற்றிடக் குழாய் திரும்பப் பொருத்தப்படாமல் விடுபடலாம், சென்சரின் அடியிலுள்ள ரப்பர் வளையம் முறுக்கிக்கொள்ளலாம். கணக்கில் வராத காற்று அவ்வழியே உள்ளே போகும்போது ஐட்லிங் உயர்ந்தும் தாழ்ந்தும் அலையும். அக்சிலேற்றரை விட்டவுடன் சைலன்சரில் படபடவென்று வெடிச்சத்தம் கேட்கும். கசிவைக் கண்டுபிடிக்க, ஓடும் எஞ்சினின் மீது எரியக்கூடிய ஸ்பிரேயை அடித்துப் பார்ப்பதைச் சிலர் வீட்டிலேயே செய்கிறார்கள். தீப்பற்றும் ஆபத்து உள்ளதால் அதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம்.

மூன்றாவதாக, பாகமே பொருந்தாத பாகமாக இருப்பது. வடிவமும் கப்ளரும் ஒன்றாக இருந்தும் உள்ளே தடையளவு வேறாக உள்ள வெப்பநிலைச் சென்சர்கள் சந்தையில் இருக்கின்றன. அவை பொருந்தும், பிழைக் குறியீடும் காட்டா, ஆனால் சொல்லும் வெப்பநிலை பிழையாக இருக்கும். இதைக் கண்டுகொள்ள எளிய வழி உண்டு. இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திறந்து கருவியால் பார்த்தால், எஞ்சின் வெப்பநிலையும் காற்றின் வெப்பநிலையும் ஏறத்தாழ ஒன்றாக, கொழும்பில் 26, 27 பாகை அளவில் இருக்க வேண்டும். காற்று 27 என்றும் எஞ்சின் 5 என்றும் காட்டினால் ஐயத்துக்கே இடமில்லை. பெட்டி எஞ்சினைக் குளிராக எண்ணிப் பெற்றோலைக் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருக்கும். பிளக் கறுக்கும், பெற்றோல் மணக்கும், வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையிலும் வண்டி தேறாமல் போகலாம்.

காற்றழுத்தச் சென்சருக்கும் இதுபோன்ற சோதனை உண்டு. எஞ்சின் ஓடாதபோது அது வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்ட வேண்டும். கடல்மட்டத்தில் இருக்கும் கொழும்பில் அது ஏறத்தாழ 101 கிலோபஸ்கல். அதே வண்டியை ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் அது 80 கிலோபஸ்கலை ஒட்டி இறங்க வேண்டும். கொழும்பில் நன்றாக ஓடிய வண்டி மலையேறியதும் கறும்புகை விட்டு இழுவை இழந்தது என்று ஒருவர் சொன்னால் எமது பார்வை உடனே இந்தச் சென்சரின் பக்கம் திரும்பும். விடுமுறைக்கு மலையகம் போய்வந்த வாடிக்கையாளர்கள் அங்கே வண்டி நடந்துகொண்ட விதத்தையும் எம்மிடம் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

ஒட்சிசன் சென்சரைப் பற்றித் தனியாக எச்சரிக்க விரும்புகிறோம். ஏறத்தாழ 300 பாகைக்கு மேல் சூடேறினால்தான் அது வேலைசெய்யும். அதனால் அதன் கோளாறு காலையில் தெரியாமல், சில கிலோமீற்றர் ஓடிய பிறகே தெரியலாம். சைலன்சர் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் சிறு கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, பெற்றோல் போதவில்லை என்று புதிய சென்சரும் தவறாகவே சொல்லும். பெட்டியும் அதை நம்பிப் பெற்றோலைக் கூட்டும். அந்தக் கசிவை அடைக்கச் சாதாரண சிலிக்கன் பசையைப் பூசினால் அதன் ஆவியே சென்சரைக் கெடுத்துவிடும். புத்தம் புதிய சென்சர் சில நாட்களில் பழுதாகும் வண்டிகளில் இதையும் தேடிப் பார்க்க வேண்டும்.

ஆகவே தடுமாற்றம் எப்போது வருகிறது என்பதை நீங்கள் கவனித்துச் சொன்னாலே எமது வேலையில் பாதி முடிந்துவிடும். குளிரில் மட்டும் தடுமாறி, சூடேறியதும் சரியானால் வெப்பநிலைச் சென்சரையும் காற்றுக் கசிவையும் முதலில் பார்ப்போம். குளிரில் நன்றாக ஓடிச் சூடேறிய பின் கெட்டால் ஒட்சிசன் சென்சரையும் அதன் சுற்றையும் பார்ப்போம். அக்சிலேற்றரைச் சற்றே திறந்து ஒரே சீராகப் பிடித்திருக்கும்போது மட்டும் குலுக்கினால் த்ரொட்டில் சென்சரும், இருவர் ஏறி மேட்டில் போகும்போது மட்டும் இழுக்காவிட்டால் பெற்றோல் பம்பின் அழுத்தமும் ஐயத்துக்குரியவை. பல மாடல்களில் அந்த அழுத்தம் 300 கிலோபஸ்கலை ஒட்டியிருக்க வேண்டும். இந்தப் பிரிப்பு எப்போதும் கறாராகப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் எங்கிருந்து தொடங்குவது என்பதை இது காட்டிவிடும்.

சென்சரோடு தொடர்பே இல்லாத காரணங்களும் உள்ளன. தேய்ந்த பிளக், நெருங்கிப்போன வால்வு இடைவெளி, அடைபட்ட காற்று வடிகட்டி, நீண்ட நாள் ஓடாமல் நின்ற வண்டியின் பெற்றோல் தாங்கியில் சேர்ந்த தண்ணீரும் துருவும் எல்லாம் இவ்வகைதான். பற்றரி ஓய்வில் 12.4 வோல்ற்றுக்குக் குறைந்திருந்தாலோ, எஞ்சின் ஓடும்போது 13.5 வோல்ற்றை எட்டாவிட்டாலோ சென்சர்களைப் பார்ப்பதற்கு முன் அதைச் சரிசெய்ய வேண்டும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை சிலவே. சாவியைத் திறந்ததும் பெற்றோல் பம்ப் ஓரிரு விநாடி இரைகிறதா என்று கேளுங்கள். விளக்குச் சிமிட்டுவதை எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். மாற்றிய சென்சரின் கப்ளர் கிளிக் என்ற சத்தத்துடன் முழுதாக உள்ளே போயிருக்கிறதா, ஊசிகளில் ஏதும் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். கப்ளரைக் கழற்றுவதானால் சாவியை மூடிவிட்டே கழற்றுங்கள். த்ரொட்டில் பகுதியில் வண்ணப் புள்ளி வைக்கப்பட்ட ஸ்குரூவைத் தொடவே வேண்டாம். அது தயாரிப்பாளர் நிர்ணயித்த நிலை, அதைத் திருப்பி ஐட்லிங்கைக் கூட்டிவிட்டால் உண்மையான கோளாறு மறைந்துகொள்ளும், பின்னர் அதைத் தேடுவது இருமடங்கு கடினமாகிவிடும்.

எமது நடைமுறையையும் தெரிவித்துவிடுகிறோம். அளந்து பார்க்காமல் எந்தச் சென்சரையும் நாம் மாற்றுவதில்லை. பாகம் எதுவும் மாற்றாமல் ஒரு வயரை மட்டும் சரிசெய்து அனுப்பினாலும் பரிசோதனைக்கான கூலியை அறவிடுகிறோம். அந்தக் கூலி பெரும்பாலும் ஒரு சென்சரின் விலையிலும் குறைவு, அதை வேலை தொடங்குமுன் உங்களிடம் சொல்வோம். கழற்றிய பழைய பாகத்தைப் பட்டியலுடன் உங்களிடமே தருவோம். பாகத்தை வெளியே வாங்க விரும்புவோர் வாங்குமுன் அதன் இலக்கத்தை எம்மிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒருமுறை பொருத்திய மின் பாகத்தைக் கடைகள் பொதுவாகத் திருப்பி எடுப்பதில்லை. பாவித்த சென்சரை, அது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், நாம் பரிந்துரைப்பதில்லை. விளக்கு, கண்ணாடி, மட்கார்ட் போன்றவற்றைப் பாவித்தவையாக வாங்குவதில் எமக்கு மறுப்பில்லை.

இவ்வாறான கோளாறுடன் வருவோர் பழைய சென்சரையும் புதியது வந்த பெட்டியையும் மறவாமல் கொண்டு வாருங்கள். இயலுமானால் முதல்நாள் மாலையிலேயே வண்டியை எம்மிடம் விட்டுச் செல்லுங்கள். மறுநாள் காலை முதல் வேலையாக, எஞ்சின் ஆறிய நிலையிலேயே அளவுகளை எடுத்து, என்ன கண்டோம், எவ்வளவு செலவாகும் என்பதைத் தொலைபேசியில் அறிவித்து, உங்கள் சம்மதம் கிடைத்த பின்னரே வேலையைத் தொடங்குவோம்.

இங்ஙனம்,
வேலைத்தளப் பொறுப்பாளரும் ஊழியர்களும்