முதலில் அளந்து பார், மாப்ளே

கோத்தகிரி

அன்புள்ள குமரா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம். தங்கச்சி அனுப்பிய மலைப்பூண்டு அரை மூட்டைக்கு நன்றி; வீட்டில் ஆளுக்கு ஆள் பங்கு கேட்கிறார்கள். இங்கே எல்லாரும் சுகம். தேயிலை விலையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் பக்கம் போதாது, விடு. நம்ம சார் இன்னும் அந்தப் பச்சை ஸ்வெட்டரைத்தான் போடுகிறார்.

உன் ஹிமாலயன் 411 பைக்கின் ஃபோர்க்கை, அதாவது முன்சக்கரத்தைத் தாங்கி அதிர்வை வாங்கும் அந்த இரண்டு குழாய்க் கால்களை, கழற்றிவிட்டு, மதுரைக் கடைக்காரர் சொன்னபடி கேடிஎம் 390 டியூக் பைக்கின் தலைகீழ் ஃபோர்க்கை (தடித்த குழாய் மேலே இருக்கும் வகை) மாட்டப் போவதாக எழுதியிருக்கிறாய். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிக்கொள். உன் ஃபோர்க் 200 மி.மீ. இறங்கி ஏறும். அந்த முதல் தலைமுறை டியூக்கினுடையது 150 மி.மீ.தான், அதுவும் 17 அங்குலச் சக்கரத்துக்கு ஏற்ற நீளம். உன் வண்டிக்கு 21 அங்குலச் சக்கரம். டி-ஸ்டெம் (ஃபோர்க் கால்களைப் பிடிக்கும் தாங்கி), கோன்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்), ஆக்சில் (சக்கர அச்சு), காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பாகம்) பிடிப்பு, சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக்கின் சென்சார் எல்லாவற்றுக்கும் லேத்தில் ஏதாவது கடைந்துதான் சேர்க்க வேண்டும். இப்படி மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும் குறுக்கே வரும். பார்க்கப் பளபளவென்று இருக்கும் என்பதைத் தவிர ஒரு லாபமும் இல்லை. உன் கண் எப்போதுமே மினுமினுப்பில்தான் போய் நிற்கும், கல்லூரி நாளில் வாங்கிய அந்த சைலன்ஸர் மாதிரி.

பெருமாள்மலையிலிருந்து வத்தலக்குண்டு இறங்கும்போது பிரேக் பிடித்தால் மூக்கு குத்துகிறது, பள்ளத்தில் 'டங்' என்று அடிக்கிறது என்று எழுதியிருந்தாய். அந்த 'டங்' ஃபோர்க்கிலிருந்து வருகிறதா என்பதை முதலில் தெரிந்துகொள். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் அடிக்காலைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார். ஆட்டம் இருந்தால் கோன்செட் தளர்ந்திருக்கிறது. ஃபோர்க்கில் எவ்வளவு செலவு செய்தாலும் அந்தச் சத்தம் போகாது.

கோன்செட் சரியென்றால் அடுத்தது அளவு. ஃபோர்க்கின் ரப்பர் உறையைக் கீழ்ப்பக்கம் அவிழ்த்து மேலே தள்ளிவிடு. சக்கரம் காற்றில் இருக்கும்போது டஸ்ட் சீலிலிருந்து (அடிக்காலின் மேல்விளிம்பில் உள்ள தூசி தடுக்கும் ரப்பர் வளையம்) கீழ் டி-ஸ்டெம் வரை அள. பிறகு வண்டியைத் தரையில் நிறுத்தி, வழக்கமான உடையில் நீ ஏறி உட்கார்; ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். இன்னொருவர் முன்பக்கத்தை அழுத்தி மெதுவாக விட்டு ஒருமுறை அளக்கட்டும், தூக்கி மெதுவாக இறக்கி இன்னொருமுறை அளக்கட்டும். இரண்டின் சராசரியை முதல் அளவிலிருந்து கழித்தால் நீ உட்கார்ந்ததும் ஃபோர்க் எவ்வளவு இறங்குகிறது என்று தெரியும். 200-க்கு 55 முதல் 65 மி.மீ. வரை நல்லது. அழுத்தி எடுத்ததற்கும் தூக்கி எடுத்ததற்கும் வித்தியாசம் மிக அதிகமாக வந்தால் உள்ளே எங்கோ பிடிக்கிறது. பெரும்பாலும் ஆக்சிலைத் தவறாக இறுக்கியிருப்பார்கள். அதைப் பிறகு சொல்கிறேன். ஆள் ஏறாமல் வண்டியின் சொந்த எடையில் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் குறித்துக்கொள். மூட்டை கட்டும் நாளில் பின் ஷாக்கின் பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை) கூட்டிவிட்டு அள. பின்பக்கம் தாழ்ந்து கிடந்தால் முன்பக்க அளவு பொய் சொல்லும்.

நீ உட்கார்ந்து 80 மி.மீ. இறங்குகிறது என்று வைத்துக்கொள். பட்டறையில் உடனே ஸ்பிரிங் மேல் ஒரு துண்டு பிவிசி பைப் போட்டு 'டைட் பண்ணிட்டேன்' என்பார்கள். 15 மி.மீ. பைப் போட்டால் வண்டியின் முன்பக்கம் ஏறக்குறைய 15 மி.மீ. உயரும், அவ்வளவுதான். ஸ்பிரிங் ஒரு துளியும் கடினமாகாது. பைப் போட்டு நீ உட்காரும் அளவைச் சரிசெய்த பிறகு, ஆள் இல்லாதபோது வண்டி 20 மி.மீ.கூட இறங்கவில்லை என்றால் ஸ்பிரிங் மென்மையானது. அதை மாற்றத்தான் வேண்டும். ஸ்பிரிங்கின் கடினம் கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது: மற்ற அளவெல்லாம் மாறாமல் 4.5 மி.மீ. கம்பியை 4.8 ஆக்கினாலே ஏறக்குறைய 30 சதவீதம் கூடிவிடும். அதனால் 'கொஞ்சம் தடிமனா இருக்கு' என்று எதையாவது வாங்கிவிடாதே. டிரில்லிங் ஸ்டாண்டின் அடியில் எடை மெஷினை வைத்து, ஸ்பிரிங்கை நேராக 50 மி.மீ. அழுத்தி எத்தனை கிலோ காட்டுகிறது என்று பார்த்து 50-ஆல் வகு. அந்த எண்ணைச் சொல்லித்தான் கடையில் கேட்க வேண்டும்.

இனி பள்ளத்தில் கை அதிர்வது. உன் ஃபோர்க்கின் டேம்பர் ராடில், அதாவது ஆயிலைத் தடுத்து ஆட்டத்தை அடக்கும் உள்குழாயில், இருப்பவை வெறும் துளைகள். துளை வழியாக ஆயில் இரண்டு மடங்கு வேகமாகப் போக வேண்டுமானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதனால்தான் மெதுவாக பிரேக் பிடிக்கும்போது தடுக்க ஆளில்லாமல் குத்துகிறது, கூரான கல்லில் ஏறும்போது இரும்புக்கம்பி மாதிரி நிற்கிறது. கெட்டி ஆயில் ஊற்றினால் முதல் குறை குறையும், இரண்டாவது மோசமாகும். இரண்டுக்கும் சேர்ந்த மருந்து எமுலேட்டர் வால்வு. டேம்பர் ராடின் தலையில் உட்காரும், மேலே ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும். வேகமான அடியில் அதன் சின்ன ஸ்பிரிங் விட்டுக்கொடுத்து ஆயிலை வழிய விடும். அது வேலை செய்ய வேண்டுமானால் ராடின் அடியிலுள்ள துளைகளை 8 மி.மீ. ஆக்கி ஆறு துளை இருக்கும்படி செய்ய வேண்டும். மேலே உள்ள ரீபவுண்ட் துளையை (ஃபோர்க் திரும்ப நீளும் வேகத்தை அடக்குவது) தொடவே கூடாது. பிசிறை அரத்தால் தேய்த்து எடுக்காவிட்டால் அது ஆயிலில் சுற்றி புஷ்ஷை (குழாய்கள் உரசாமல் வழுக்க வைக்கும் வளையத்தை) தின்னும். வால்வின் ஸ்பிரிங்கை இரண்டு சுற்றில் தொடங்கு, வால்வின் உயரத்துக்குப் பைப்பைக் குறை. துளை போட்டால் பழைய நிலைக்குத் திரும்ப முடியாது. ஆகவே ஸ்பிரிங்கும் ஆயிலும் மாற்றி ஒரு மாதம் ஓட்டிய பிறகே இதை யோசி. பாதிப் பேருக்கு அதிலேயே போதும் என்று ஆகிவிடும்.

வீட்டிலேயே பிரிக்கலாம், வரிசை மட்டும் தவறக் கூடாது. மேல் டி-ஸ்டெம் போல்ட்டைத் தளர்த்து. கீழ்ப்பிடி இறுக்கமாக இருக்கும்போதே மேல் மூடியை லேசாகத் தளர்த்திவிடு. சக்கரத்தைக் கழற்று, காலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிடு, ஹோஸில் தொங்க விடாதே. அடுத்து, மூடியை எடுப்பதற்கு முன்பே அடியிலுள்ள ஆலன் போல்ட்டைத் தளர்த்து. ஸ்பிரிங் அழுத்தம் இருந்தால்தான் ராட் கூடவே சுற்றாமல் நிற்கும். ஃபோர்க்கின் காலை ஒருவர் அமுக்கிப் பிடித்தால் இன்னும் சுலபம். அந்த போல்ட்டின் செம்பு வாஷரைப் புதிதாகப் போடு, இல்லையேல் சொட்டும். பழைய ஆயில் சீல் வெளியே வர, அதைப் பிடித்திருக்கும் கம்பி வளையமான சர்க்கிளிப்பை எடுத்துவிட்டு குழாயை வேகமாக வெளிப்பக்கம் இழுத்து இழுத்து அடி. புது சீலைக் குழாயில் நுழைக்கும்போது விளிம்பில் பாலித்தீன் சுற்றிக்கொள். நம் மலைப் பனியில் ரப்பர் உறைக்குள் ஈரம் தங்கி குரோமில் புள்ளித் துரு பிடித்திருக்கும். நகத்தால் தடவிப் பார். பள்ளம் தட்டுப்பட்டால் எத்தனை சீல் மாற்றினாலும் அறுந்துவிடும். குழாயைத்தான் சரிசெய்ய வேண்டும்.

ஆயில், ஃபோர்க் ஆயிலாகவே இருக்கட்டும். இன்ஜின் ஆயிலை ஊற்றுவார்கள், நுரைத்துப் போகும். '10டபிள்யூ' என்று எழுதிய இரண்டு கம்பெனி டப்பாக்கள் ஒரே கெட்டி அல்ல, ஒன்றோடொன்று கலக்காதே. ஸ்பிரிங் வெளியே, ஃபோர்க் முழுதாக அமுங்கியபடி, குமிழி நிற்கும் வரை ஏற்றி இறக்கி, பத்து நிமிடம் விட்டு, மேல்விளிம்பிலிருந்து ஆயில் மட்டத்தை ஸ்டீல் ஸ்கேலால் அள. மேனுவலில் உள்ள மட்டத்தில் தொடங்கு, இரண்டு காலும் ஒன்றாக இருக்க வேண்டும். அடிமட்டத்தில் இன்னும் தட்டினால் 10 மி.மீ. ஆயில் ஏற்று; மேலே உள்ள காற்று சுருங்கி கடைசிப் பகுதி மட்டும் கடினமாகும். அதற்கு மேல் ஏற்றினால் சீல் பிதுங்கும்.

மதுரையில் மூடியை மாட்டிக்கொண்டு மேலே வந்தால் இதையும் செய். கீழ்க்காற்று உள்ளே அடைபட்டிருக்கும்; கொடைக்கானலின் 2,100 மீட்டரில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. 41 மி.மீ. குழாய்க்குக் காலுக்குச் சுமார் மூன்று கிலோ அளவில் ஃபோர்க்கை வெளியே தள்ளும். சக்கரத்தைத் தூக்கி வைத்து, மூடியைச் சில சுற்று தளர்த்தி காற்றை விட்டு இறுக்கிவிடு. முழுதும் கழற்றாதே, ஸ்பிரிங் முகத்தில் அடிக்கும்.

ஆக்சிலை இறுக்கியதும் அடிக்காலில் ஆக்சிலைக் கவ்விப் பிடிக்கும் பின்ச் போல்ட்டை உடனே இறுக்காதே. முன் பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை நாலைந்து முறை அமுக்கு, இரண்டு கால்களும் தாமாக நேராக நிற்கும். பிறகு இறுக்கு. பிரேக் டிஸ்க்கிலும் பேடிலும் (டிஸ்க்கை உரசும் பிரேக் கட்டை) ஆயில் விரல் படக் கூடாது. பட்டுவிட்டால் அந்த பேடைத் தூக்கிப் போடு.

இவ்வளவு நீளமாக எழுதுவது, பின்னால் தங்கச்சியை வைத்துக்கொண்டு அந்த வளைவுகளில் நீ இறங்குவதால்தான். அடிமட்டம் தொட்ட ஃபோர்க்கில் டயர் மேட்டோடு சேர்ந்து அசையாது. துள்ளும், ஏபிஎஸ் பிரேக்கை விட்டுவிடும், நிற்கும் தூரம் கூடும். வளைவின் வெளியே சுவர் இல்லாத இடம் உனக்குத் தெரியும். புது ஸ்பிரிங் வரும்வரை பூண்டு மூட்டையை ஜீப்பில் அனுப்பு.

அளவு நான்கையும் எழுதி அனுப்பு: சக்கரம் காற்றில், ஆள் இல்லாமல், நீ அமர்ந்து அமுக்கியது, தூக்கியது. உன் எடையையும் உண்மையாக எழுது. இங்கே ஸ்பிரிங் சுற்றுபவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

அன்புடன்,
முருகேசன்